காஜா ஒரு வீட்டில், பட்டன் ஒரு வீட்டில்

1

“ஏங்கண்ணு, பொம்மை வண்டி ஓட்டறதுக்கா அத்தன தூரம் ஏரோப்ளேன்ல போன?”

என் சித்தப்பா தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. சனிக்கிழமைதோறும் இங்குள்ள பிள்ளைகளுக்கு ரோபோ செய்யச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நான் பெருமையடித்துக்கொண்ட அன்று கேட்டார்.

“ஆரும் ஓட்ட வேண்டியதில்லீங்க சித்தப்பா. அது தானா ஓடும்.”

“தானா ஓடுனா உனக்கு அங்க என்ன வேலை?”

அட்டையில் இருந்த நிமிடங்கள் அத்தோடு தீர்ந்துபோயின. இந்தியாவுக்குப் பேச நாங்கள் வாங்கும் இந்தத் தொலைபேசி அட்டைகளுக்கு ஒரு குணம் உண்டு. நமக்கு நல்ல பதில் தோன்றும் இடத்தில்தான் தீரும். அன்று எனக்கு எந்தப் பதிலும் தோன்றவில்லை, ஆனாலும் தீர்ந்தது.

இன்று பொங்கல். இங்கே மிச்சிகனில் அது ஒரு சாதாரண வேலை நாள், முழங்கால் அளவு பனி. சாயங்காலம் நூலகத்துக்குப் போனபோது என் பெயருக்கு ஒரு சின்ன அட்டைப் பெட்டி வந்திருந்தது. அதைப் பிரித்த பிறகு சித்தப்பாவுக்கான பதில் கிடைத்துவிட்டது. பெட்டியில் என்ன இருந்தது என்று இப்போதே சொன்னால் உங்களுக்கு அது வெறும் மோட்டாராகத்தான் தெரியும். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திருப்பூர்க்காரி. அப்பா குண்டடம் பக்கம் காய்ந்துபோன தோட்டத்தை விட்டு வந்து பனியன் கம்பெனியில் சேர்ந்தவர். அம்மா அங்கேயே தைத்த பனியனில் கறை, பழுது பார்க்கும் செக்கிங்கில் இருந்தார். கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் எழுத்து வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். பிறகு கோயமுத்தூரில் இன்ஜினீயரிங். இப்போது கார் பிரேக்குகளின் சென்சாரைச் சோதிக்கும் வேலை. இதை அடக்கமாகச் சொல்லிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. ஆகவே பெருமையாகவே சொல்லிவிடுகிறேன்.

2

அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு சின்ன யூனிட் வைத்திருந்தார்கள். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துத் தரும் வேலை. நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது அண்ணன் தம்பி பிரிந்தார்கள். சண்டை எதற்கு என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. அவர்களுக்கும் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்து ஷெட்டுக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். தையல் மிசின்களைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். கடைசியில் இரண்டு மிசின் மிஞ்சியது. ஒன்று, சட்டையில் பட்டனுக்கு ஓட்டை போட்டு ஓரம் தைக்கும் காஜா மிசின். இன்னொன்று பட்டன் தைக்கும் மிசின். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. காஜா அப்பாவுக்கு, பட்டன் சித்தப்பாவுக்கு என்று தீர்ப்பாயிற்று. என்ன நியாயமான தீர்ப்பு என்று மெச்சிக்கொண்டே எல்லோரும் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த மாதம் காலர் வைத்த சட்டைக்கு ஆர்டர் வந்தது. ஓட்டை ஒரு வீட்டில், பட்டன் ஒரு வீட்டில்.

பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் தபால்.

“கண்ணு, பக்கத்து ஷெட்டுல பட்டன் மிசினு சும்மா கெடக்குதான்னு பாத்துட்டு வா” என்பார் அப்பா.

சுவரைச் சுற்றிக்கொண்டு போவேன். சித்தப்பா தலை நிமிராமல் சொல்வார்: “கெடக்குதுன்னு சொல்லு. நாளைக்குப் பொழுதுக்குள்ள திரும்பி வந்தாகோணும்னு சொல்லு. ஆனா நாஞ்சொன்னேன்னு உங்கப்பன்கிட்டச் சொல்லாத.”

“அப்பறம் ஆரு சொன்னாங்கன்னு சொல்றதுங்க?”

“மிசினு சொல்லுச்சுன்னு சொல்லு.”

இரண்டு பேரும் காலையில் ஒரே கம்பெனி வாசலில் ஒரே ஆர்டருக்காக நிற்பார்கள். ஒருவரைவிட ஒருவர் காசைக் குறைத்துச் சொல்லுவார்கள். மத்தியானம் மிசினை மாற்றிக்கொள்வார்கள். எங்கள் தெரு முழுக்க இப்படித்தான். சரக்கு அனுப்ப வேண்டிய ஷிப்மெண்ட் நாள் நெருங்கிவிட்டால் போட்டியாவது ஒன்றாவது. எந்த யூனிட்டில் எந்த மிசின் சும்மா நிற்கிறதோ அது தேவைப்பட்ட யூனிட்டுக்குத் தள்ளுவண்டியில் ஏறிவிடும்.

திருப்பித் தருவதற்கு ஒரு முறை இருந்தது. இரவல் வாங்கிய மிசினை எண்ணெய் போட்டுத்தான் தரவேண்டும். எண்ணெய் போட்ட மிசின் முதலில் தைக்கும் துணியில் கறை விடும் என்பதால், ஒரு வெள்ளை வேஸ்ட் துணியை ஊசிக்கு அடியில் கொடுத்து நாலு தையல் போட்டு, அந்தத் துண்டை எடுக்காமல் அப்படியே விட்டு அனுப்ப வேண்டும். திரும்ப வாங்குபவர் அதே துண்டில் இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்ப்பார். கறை நின்ற பிறகுதான் நல்ல துணியில் கை வைப்பார். மிசின் பழுதில்லாமல் வந்திருக்கிறது என்பதற்கும் அந்தத் தையல்தான் சாட்சி. யாரும் வாயால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டு பேருக்கும் அது மிகவும் வசதியாக இருந்தது.

சித்தப்பாவிடமிருந்து காஜா மிசின் திரும்பி வந்ததும் அப்பா அந்தத் துண்டுத் துணியை உருவி வெளிச்சத்தில் பிடிப்பார். தம்பி போட்ட தையலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு “பரவால்ல” என்பார். அந்த ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு நான் சுவரைச் சுற்றி ஓடுவேன்.

“சித்தப்பா, அப்பா பரவால்லன்னாங்க.”

“நாங்கேட்டனா?” என்பார் சித்தப்பா. ஆனால் அன்றைக்கு டீ வரும்போது எனக்கு மட்டும் ஒரு தேங்காய் பன் சேர்ந்து வரும்.

3

இங்கே கதைக்கு வருகிறேன். பத்திலிருந்து பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கான ரோபோ போட்டி ஒன்று இங்கே ஆண்டுதோறும் நடக்கிறது. கட்டில் அளவில் ஒரு மேசை, அதன்மேல் படங்கள் அச்சடித்த ஒரு விரிப்பு, அங்கங்கே சின்னச் சின்னப் பொருள்கள். பிள்ளைகள் செய்த ரோபோ யார் கையும் படாமல் அந்த மேசையில் ஓடி, ஒன்றைத் தள்ளி, ஒன்றைத் தூக்கி, புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

எங்கள் அணி நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூடுகிறது. ஆறு பிள்ளைகள். அப்பா அம்மா வேலையிலிருந்து வரும்வரை நூலகத்தில் காத்திருக்கும் பிள்ளைகள்தான் முக்கால்வாசி. இது கார் கம்பெனிகள் ஆட்டம் கண்டிருக்கும் வருஷம். சில அப்பாக்கள் இப்போது வேலையே இல்லாமல் பிள்ளையோடு சேர்ந்து காத்திருக்கிறார்கள். அணியில் வாயாடி மார்க்கஸ். கைத்திறன் தீபிகாவுக்கு. அவளுடைய பெற்றோர் ஈரோட்டுக்காரர்கள். தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அவளுடைய அம்மா என்னிடம், “நீங்களாவது இவகிட்டத் தமிழ்ல பேசுங்க. எங்கிட்டப் பேசுனா நான் திட்டறேன்னு நெனைச்சுக்கறா” என்று கேட்டுக்கொண்டார். பேசிப் பார்த்தேன். நான் திட்டுவதாகவும் நினைத்துக்கொள்ளவில்லை, பதிலும் வரவில்லை.

ரோபோ எங்களிடம் இருந்தது. மேசை இல்லை. மேசை வைக்க இடமும் இல்லை, கீழ்த்தளம் மறுநாள் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் கூடமாகிவிடும். தரையில் ஓடிப் பழகிய ரோபோ மேசையில் ஏறினால் அதன் ஓரத்துத் தாழ்ந்த சட்டத்தில் முட்டிக்கொள்ளும். நல்ல மேசை ஊரில் ஒருவரிடம்தான் இருந்தது: ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய பள்ளியில், அறிவியல் ஆசிரியர் கிரெக்கிடம். அவருடைய அணிதான் வருஷா வருஷம் மாநிலப் போட்டிவரை போகும் அணி.

போய்க் கேட்டேன். கிரெக் நல்ல மனிதர், ஆனால் தாடியைத் தடவிக்கொண்டே யோசிப்பவர்.

“எங்கள் மேசையிலேயே பழகி, நீங்கள் எங்களையே ஜெயித்துவிட்டால்?”

“உங்கள் மேசை அவ்வளவு நல்ல மேசை என்று எல்லோரிடமும் சொல்வேன்.”

சிரித்தார். நான் விடவில்லை. எங்களை மட்டும் அல்ல, சுற்றுவட்டாரத்தில் மேசை இல்லாத எல்லா அணிகளையும் சனிக்கிழமை காலை கூப்பிடலாம்; அவர் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்து மூலையில் ஒரு அலமாரி வைக்கலாம்; யாரிடம் என்ன உபரியாக இருக்கிறதோ அதில் வைக்கட்டும், தேவைப்பட்டவர்கள் எடுத்துப்போய் அடுத்த சனிக்கிழமை திருப்பட்டும் என்றேன்.

“போட்டி போடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் சாமான் கொடுத்து எங்கே பார்த்திருக்கிறாய்?” என்று கேட்டார்.

“எங்கள் தெருவில்” என்றேன்.

4

ஒத்துக்கொண்டார். ஏற்பாடு முழுக்க என் தலையில் என்ற நிபந்தனையோடு. அவர் ஏன் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டார் என்பது படிவங்கள் வந்த பிறகுதான் புரிந்தது.

கூடத்தைத் திறக்க ஒரு படிவம். யாராவது விழுந்தால் யாரும் யார்மேலும் வழக்குப் போடுவதில்லை என்று ஒரு படிவம். பிள்ளைகளோடு வேலை செய்பவள் என்பதால் என் பத்து விரல் ரேகைகள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் வழக்கம்போல அப்பாவின் பெயரை எழுதினேன். அடுத்த சனிக்கிழமை சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டை தயாராக இருந்தது: கோச் பழனிசாமி. பிள்ளைகளுக்கு அது நீளம். அன்றிலிருந்து நான் கோச் பழனி.

அப்பாவிடம் சொன்னேன். “அமெரிக்காவுல எல்லாரும் உங்க பேரச் சொல்லித்தான் கூப்புடறாங்கப்பா.”

“அதுக்குச் சம்பளம் எதாச்சும் உண்டா கண்ணு?” என்றார்.

முதல் சனிக்கிழமை நாலு அணிகள் வந்தன. திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வைத்தால் முதலாளி சாப்பாடு போடவேண்டும். நான் கூப்பிட்ட கூட்டம், ஆகவே நான்தான் சாப்பாடு. விடிய எழுந்து பெரிய குண்டா நிறைய எலுமிச்சைச் சாதம் கிளறி, நிலக்கடலையைத் தாராளமாக வறுத்துப் போட்டு எடுத்துப் போனேன். மூடியைத் திறந்ததும் ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.

“அது வேர்க்கடலையா?”

“ஆமாம், நிறையப் போட்டிருக்கிறேன்” என்றேன், பெருமையாக.

அந்தக் கூடம் காலியான வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடலை பட்டால் மூச்சுத் திணறும் பிள்ளைகள் இங்கே உண்டு என்பது எனக்குத் தெரியாது. நல்லவேளை, யாரும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. குண்டாவை நானே காருக்குத் தூக்கிப்போனேன். பள்ளி அலுவலகத்தில் எனக்காக இன்னொரு படிவம் காத்திருந்தது. அந்த வாரம் முழுக்க மூன்று வேளையும் எலுமிச்சைச் சாதம்தான் சாப்பிட்டேன்.

ஆனால் அலமாரி நிரம்பியது. சக்கரம், பல்சக்கரம், கம்பி, பாட்டரி. எங்கள் அணிப் பிள்ளைகளும் எங்கள் தெருப் பேச்சைப் பேசத் தொடங்கினார்கள். போட்டித் தேதியை நான் வாய் தவறி ஷிப்மெண்ட் என்று சொல்லப்போக, “ஷிப்மெண்டுக்கு இன்னும் எத்தனை நாள், கோச்?” என்று கேட்டார்கள். ஏதாவது சரியாக வந்தால் நான் “பரவால்ல” என்பேன். அதுதான் என் வாயிலிருந்து வரும் ஆகப் பெரிய பாராட்டு என்று மார்க்கஸ் கண்டுபிடித்து எல்லோருக்கும் சொல்லிவிட்டான்.

5

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் ரோபோ திரும்ப மறுத்தது. நேராகப் போகும், வளைவில் திணறும். கிரெக்கின் அணி தங்களுடைய பெரிய சக்கர ஜோடியை ஒரு வாரத்துக்கு இரவல் தந்தது. போட்டுப் பார்த்தோம், கோளாறு சக்கரத்தில் இல்லை, திரும்பும் அளவுக்கு நாங்கள் போட்ட கணக்கில் என்று தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்டதே பெரிய உதவி.

சனிக்கிழமை திருப்பித் தர வேண்டும். நான் வளர்ந்த முறைப்படி செய்தேன். திருப்பூரிலிருந்து கொண்டுவந்த மிசின் எண்ணெய் பாட்டிலை எடுத்து, சக்கரங்களின் அச்சுக்கு இரண்டு பக்கமும் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஒரு வெள்ளைத் துண்டுத் துணியில் நாலு தடவை உருட்டினேன். துணியைச் சக்கரங்களுக்கு நடுவிலேயே செருகி வைத்தேன். வாங்குபவர்கள் அதே துணியில் உருட்டிப் பார்ப்பார்கள், கறை நின்றதும் மாட்டிக்கொள்வார்கள். அவ்வளவுதானே?

கிரெக்கின் அணிப் பிள்ளைகள், யாரோ அழுக்குத் துணியை மறந்து வைத்துவிட்டார்கள் என்று எடுத்துக் குப்பையில் போட்டார்கள். சக்கரத்தை மாட்டினார்கள். மேசையில் ஓட விட்டார்கள்.

அந்த நேரத்துக்குள் எண்ணெய் கசிந்து ரப்பர் டயருக்கு இறங்கியிருந்தது. ரோபோ புறப்பட்டது, வளைவில் வழுக்கியது, பம்பரமாக ஒரு சுற்றுச் சுற்றியது, விரிப்பில் நீளமாக ஒரு எண்ணெய்க் கோடு இழுத்துக்கொண்டு, ஓரத்துச் சட்டத்தில் ஏறி மேசையிலிருந்து தலைகுப்புற விழுந்தது. மோட்டார் உடைந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

யாரோ குனிந்து விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தார்கள். “எண்ணெய்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் விளக்க வாயெடுத்தேன். எங்கள் ஊரில் இப்படித்தான், திருப்பித் தரும்போது எண்ணெய் போடுவோம், அது மரியாதை என்று சொன்னேன். என் காதுக்கே அது நம்பும்படியாக இல்லை. எதிரணியின் சக்கரத்தில் எண்ணெய் தடவிவிட்டு மரியாதை என்கிறாள் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள்.

கிரெக் தாடியைத் தடவவில்லை. அதிலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது.

“அடுத்த சனிக்கிழமை எங்கள் அணி தனியாகப் பழகிக்கொள்ளும். மற்றவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன்” என்றார்.

மேசை போனது. எங்களுக்கு மட்டுமா, நாலு அணிகளுக்கும்தான். எங்கள் ரோபோவோ வளைவு சரியாகாமல், மிச்ச நாளைத் தரையில் ஓட்டிக் கழிக்க வேண்டும்.

6

வீட்டுக்கு வந்து சித்தப்பாவை அழைத்தேன். ஏன் அவரை என்று கேட்காதீர்கள். இந்தக் குற்றத்தின் அருமை புரிந்த ஆள் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார். அட்டையில் பாதி நிமிடம் அந்தச் சிரிப்புக்கே போனது.

“ரப்பர் சக்கரத்துக்கு ஆராச்சும் எண்ணெய் போடுவாங்களா? உன்னய இன்ஜினீருன்னு எவன் சொன்னான்?”

“அச்சுக்குத்தானுங்க சித்தப்பா போட்டேன். துணியும் வெச்சுத்தான் குடுத்தேன்.”

“துணியும் வெச்சயா?” சிரிப்பு நின்றது. “துணி வெச்சுமா சண்டைக்கு வந்தானுங்க?”

“அவங்களுக்கு அது தெரியாதுங்க. குப்பையில போட்டுட்டாங்க.”

“அட கெரகமே. எனக்கு ஒருக்கா உங்கப்பன் துணி வெக்காம அனுப்பிப்போட்டான். ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்குல.”

“பேசிக்காம இருந்தீங்களே, அப்பவுங்களா?”

“பேசாம இருந்தா மிசினுக்கென்ன?” என்றார். அட்டை தீர்ந்தது.

போனை வைத்தேன். பிறகு இங்கே கடையில் வாங்கிய ஒரு வெள்ளை டி-ஷர்ட்டை எடுத்துக் கத்தரித்தேன். கழுத்துப் பட்டையில் இந்தியாவில் செய்தது என்று போட்டிருந்தது. எங்கள் தெருவில் தைத்ததாகக்கூட இருக்கலாம். தையல் பரவாயில்லை.

திங்கட்கிழமை மாலை தீபிகாவையும் மார்க்கஸையும் அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டு அழைத்துக்கொண்டு கிரெக்கின் பள்ளிக்குப் போனேன். கையில் டி-ஷர்ட் துண்டுகள், எண்ணெய் பாட்டில், பாத்திரம் கழுவும் சோப்பு, ஒரு டப்பா முகப்பவுடர். கிரெக் கதவைத் திறந்தார், உள்ளே வா என்று சொல்லவில்லை. நானே போனேன்.

முதலில் விரிப்பு. கறைமேல் பவுடரைக் கொட்டி ஊறவிட்டேன். பள்ளி விடுமுறையில் செக்கிங் மேசையில் அம்மாவோடு உட்கார்ந்து நான் எத்தனை வெள்ளைப் பனியனுக்கு இதைச் செய்திருக்கிறேன். எண்ணெயைப் பவுடர் குடித்ததும் துடைத்து, சோப்புத் தண்ணீரால் துடைத்து, காயவிட்டேன். கோடு போய்விட்டது. கூடம் முழுக்க மல்லிகை வாசனை.

பிறகு எங்கள் சொந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, கிரெக் பார்க்க வெள்ளைத் துணியில் உருட்டினேன். கறுப்பாகக் கோடு விழுந்தது. மறுபடி உருட்டினேன், மங்கிய கோடு. மறுபடி, ஒன்றும் இல்லை. அந்தத் துணியைச் சக்கரத்துக்கு நடுவில் செருகி அவர் கையில் கொடுத்தேன். பட்டன் மிசின் ஒரு வீட்டிலும் காஜா மிசின் ஒரு வீட்டிலும் இருந்த கதையைச் சொன்னேன். மிசின் சொல்லுச்சுன்னு சொல்லு என்ற இடத்தில் அவர் உதடு லேசாக அசைந்தது.

“அப்போ அந்தத் துணி...”

“எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்வதே அதுதான். உங்கள் பிள்ளைகள் அதைத்தான் குப்பையில் போட்டார்கள்” என்றான் மார்க்கஸ். அவனை நான் கிள்ளினேன், தாமதமாக.

“ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருக்கலாமே?” என்றார் கிரெக்.

“எங்கள் ஊரில் யாருக்கும் எழுதிச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே சொல்லியிருக்க வேண்டும்.”

அவர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரி. ஆனால் எங்கள் மோட்டார் உடைந்தது உடைந்ததுதான். புதிது வரப் போட்டி முடிந்துவிடும். நாங்கள் இந்த வருஷம் போவதே சந்தேகம்.”

7

எங்கள் பெட்டியில் மிச்ச மோட்டார் ஒன்றே ஒன்று இருந்தது. அது எனக்கும் தெரியும், தீபிகாவுக்கும் தெரியும். நான் வாய் திறப்பதற்குள் அவள் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனாள்.

“கோச், அது நம்மிடம் இருக்கும் ஒரே ஸ்பேர். நம்முடையது போட்டியன்று நின்றால் நாம் காலி.” ஆங்கிலத்தில் படபடவென்று சொன்னாள்.

“தெரியும் கண்ணு.”

“அதைப் போட்டுத்தான் அவர்கள் நம்மை ஜெயிப்பார்கள்.”

“அதுவும் தெரியும். உங்க மோட்டார், நீங்க ஆறு பேரும் சேர்ந்து முடிவு பண்ணுங்க. நான் சொல்ல மாட்டேன்.”

“நீங்களாக இருந்தால் கொடுப்பீர்களா?”

“எங்கப்பா குடுப்பாரு. குடுத்துட்டு ராத்திரியெல்லாம் புலம்புவாரு.”

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் நூலகத்தில் ஆறு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். நான் வெளியே குழந்தைகள் நாற்காலியில், முழங்கால் காதைத் தொட, உட்கார்ந்திருந்தேன். பெரிய சண்டைச் சத்தம் கேட்டது. பிறகு தீபிகா வெளியே வந்து மோட்டாரை என்னிடம் நீட்டினாள். எண்ணெய் இல்லை. ஆனால் அச்சில் ஒரு வெள்ளைத் துணி சுற்றியிருந்தது.

சனிக்கிழமை கூடம் திறந்தது. நாலு அணிகளும் வந்தன. அலமாரிக்கு மேலே கிரெக் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்: துணியைத் தூக்கி எறியாதீர்கள். எங்கள் ரோபோ அன்று மத்தியானம் வளைவில் திரும்பியது.

போட்டியில் நாங்கள் நடுவில் எங்கேயோ வந்தோம். எங்கள் ரோபோ நிற்கவில்லை, ஸ்பேர் தேவைப்படவும் இல்லை. கிரெக்கின் அணி எங்கள் மோட்டாரோடு மாநிலப் போட்டிக்குப் போனது. அன்று வீடு திரும்பும்வரை தீபிகா ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். கொடுத்தது சரிதானா என்று நானும் அன்று இரண்டு மனதாகத்தான் இருந்தேன். நான் சொல்லவில்லை, அவர்களாகத்தான் கொடுத்தார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அதுவல்ல. என் தெருவை அவர்கள் காதில் மூன்று மாதம் ஓதியவள் நான்தானே.

8

கிரெக்கின் அணியிடமிருந்து இன்று மாலை வந்த பெட்டியை நூலகத்தில் பிள்ளைகளின் நடுவே வைத்துப் பிரித்தேன். உள்ளே எங்கள் மோட்டார், பளபளவென்று துடைத்து. அதன் அச்சில் ஒரு பேனாவைக் கட்டி, ஒரு வெள்ளைத் துணிமேல் ஓட விட்டிருக்கிறார்கள். துணி முழுக்க வட்டத்துக்குள் வட்டமாக நீலக் கோடு. மோட்டார் பழுதில்லாமல் ஓடுகிறது என்பதற்குச் சாட்சி. துணியை எடுக்காமல், அச்சிலேயே சுற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு சீட்டுக்கூட இல்லை.

தீபிகா துணியை உருவினாள். விளக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பிடித்தாள். ஒரு வட்டத்தில் கோடு கொஞ்சம் நடுங்கியிருந்ததை விரலால் தடவிப் பார்த்தாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“பரவால்ல” என்றாள்.

தமிழில். அவளுக்கே அது தெரியவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொண்டால் அடுத்த தமிழ்ச் சொல்லுக்கு இன்னொரு பொங்கல்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் இதுதான். தானாக ஓடுகிற வண்டிக்குப் பக்கத்தில் எனக்கு என்ன வேலை? பெட்டியை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் சுமப்பது. சின்ன வயதில் சுவரைச் சுற்றிச் செய்த அதே வேலை.

இனி ஒன்று. திருப்பூரில் நான் படித்த பள்ளியின் அறிவியல் டீச்சரிடமும், குண்டடம், மூலனூர் பள்ளிகளிலும் பேசியிருக்கிறேன். மூன்று பள்ளியிலும் ரோபோ செய்யப் பிள்ளைகள் தயார். பழகுவதற்கு மேசை வேண்டும். திருப்பூரில் மேசைக்கா பஞ்சம்? சித்தப்பாவின் ஷெட்டில் துணி வெட்டும் கட்டிங் டேபிள் இருக்கிறது. அதில் இங்கத்து மேசை மூன்றை வரிசையாகப் போடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தரும்படி போன மாதமே கேட்டேன்.

“ஷிப்மெண்ட் இருக்குது கண்ணு” என்றார். ஆர்டர் குறைந்த வருஷம், எந்த ஷிப்மெண்ட் என்று நான் கேட்கவில்லை.

அப்பாவிடம் கேட்டேன். “அவன் ஷெட்டுல நடக்கறதுக்கு நான் எதுக்கு?” என்றார்.

இருவரும் இன்னும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் கதவில் இன்னொருவர் தட்ட ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான். கிரெக் தன் பழைய விரிப்பைச் சும்மா கொடுத்துவிட்டார். போட்டி முடிந்ததும் மற்ற அணிகள் கழித்துவிட்ட பழைய ரோபோக்கள் மூன்று அலமாரியில் சேர்ந்திருந்தன. ரோபோ இல்லாமல் விரிப்பு வெறும் படம். விரிப்பு இல்லாமல் ரோபோ, சித்தப்பா சொன்ன அதே பொம்மை வண்டி. இரண்டையும் ஒட்டுக்கா ஒரே பெட்டியில் வைத்திருக்கலாம், தபால் செலவும் குறைந்திருக்கும்.

இரண்டு பெட்டியாகக் கட்டினேன். ரோபோவை அப்பா பெயருக்கும் விரிப்பைச் சித்தப்பா பெயருக்கும் எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைத் துண்டுத் துணியை வைத்து, நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன்.